வண்ணம் பூசும் முன்



நான் மார்க்க அறிஞன் அல்லன். துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். நான் செய்த தவறு ஒன்றையும், அதைச் சரிசெய்ய முயன்றபோது என் வாப்பாவிடமும் என் மகனிடமும் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். என்னைப் போன்ற ஒரு தகப்பனுக்காவது இது பயன்பட்டால் அதுவே எனக்குப் போதும்.

எங்கள் வீடு பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. சென்ட்ரலுக்குள் நுழைய முறை வரும்வரை ரயில்கள் இங்கே நின்று பெருமூச்சு விடும். ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். மறுபக்கம் ரயில் பெட்டிகளைக் கழுவிப் பழுதுபார்க்கும் பணிமனை. சற்றுக் கிழக்கே சென்றால் 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையமும், அதைத் தாண்டித் துறைமுகமும். இரும்பும் கடலும் சேர்ந்து வளர்த்த பகுதி இது. இங்கே வளர்ந்த என் மகனுக்குக் கப்பல்மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை.

அவனுக்கு வயது பதினைந்து. சிங்கப்பூரில் இருக்கும் அவனுடைய மாமா, விரல் நீளமே உள்ள சிறு கப்பல் மாதிரிகளை அவனுக்கு அனுப்பிவைப்பார். சில வெள்ளீயக் கலவையில் வார்த்தவை. சில ரெசினில் வார்த்தவை. 1:1200 என்பது அவற்றின் அளவு. அதாவது உண்மைக் கப்பலில் 120 மீட்டர் நீளமுள்ளது மேசைமேல் 10 சென்டிமீட்டர் ஆகிவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி இவற்றில் இருக்காது. அடிப்புறம் தட்டையாக, அப்படியே கடலில் மிதப்பதுபோல் வைக்கும்படி இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, தொலைவில் தெரியும் கப்பல் யாருடையது என்று வீரர்கள் கண்டறியப் பழகுவதற்குக் கடற்படைகள் இத்தகைய சிறு மாதிரிகளைப் பயன்படுத்தின. இன்று பல நாடுகளில் இது ஒரு கைவினைப் பொழுதுபோக்கு.

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிவு வந்த நாள். கணக்கில் அவனுக்கு மிகக் குறைந்த மதிப்பெண். அன்று காலை பஜ்ருத் தொழுகைக்கும் அவன் எழவில்லை. இஷாவை ஜமாஅத்துடன் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். பாடப்புத்தகம் மூடிக் கிடக்க, அவன் விளக்கொளியில் குனிந்து ஒரு கப்பலின் ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேசைமேல் இருந்த உலோகக் கப்பலை எடுத்துத் தரையில் வீசினேன். மேசை அதிர்ந்ததில் ஓரத்தில் இருந்த ரெசின் கப்பலும் விழுந்து இரண்டாக உடைந்தது.

அவன் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. தரையில் மண்டியிட்டு, கொடிமரத்தின் துண்டையும் புகைபோக்கியையும் தேடி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினான். அந்த மூடியின் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

தரையில் விழுந்த உலோகக் கப்பலின் பெயர் எம்டன்.

சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, கார்ல் ஃபான் முல்லர் என்ற தளபதியின் கீழ் வந்த அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் பற்றி எரிந்தன. உயிர்களும் போயின. நகரத்தைவிட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் அதை நினைவுகூரும் கல்வெட்டு இருக்கிறது. அன்று முதல் தமிழில் ‘எம்டன்’ என்பது ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. யாருக்கும் பிடிகொடுக்காத, எல்லோரையும் நடுங்கவைக்கும் ஆளை ‘அவன் சரியான எம்டன்’ என்போம்.

அன்று இரவு என் மனைவி சொன்னாள்: “பள்ளிவாசல்ல உங்களைப் போல மென்மையா பேசுறவங்க இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க புள்ளையோட கூட்டாளிங்க உங்களுக்கு வச்சிருக்கிற பேரு என்ன தெரியுமா? எம்டன்.”

அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் பஜ்ருக்குப் பின் வாப்பாவின் அருகில் சென்று அமர்ந்தேன். வாப்பாவுக்கு எண்பது வயது. பூர்வீகம் காயல்பட்டினம். 1965இல் சென்னையிலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் பினாங்கு சென்று, ஒரு கடையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். திரும்பி வந்தபின் இராயபுரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக ஓய்வுபெறும்வரை உழைத்தவர். இரவு நடந்தது அவருக்குத் தெரியும். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: “அல்லாஹ்கிட்ட தவ்பா செஞ்சிருப்பே. அது உனக்கும் ரப்புக்கும் நடுவுல உள்ளது. புள்ளைகிட்ட என்ன சொன்னே?”

பதில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

அடியார்களின் உரிமையில் வரம்பு மீறினால் அவர்களிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்பதை எத்தனை பயான்களில் கேட்டிருப்போம்! கடன் கொடுத்தவர், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர் என்று அந்தப் பட்டியலில் எல்லோரையும் நினைத்திருக்கிறேன். என் வீட்டிலேயே, என் சோற்றை உண்டு வளரும் பிள்ளையும் அதில் இருக்கிறான் என்பது அன்றுவரை என் நினைவுக்கு வந்ததில்லை. மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்லன், கோபத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற நபிமொழியை நான் பிறருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருமுறைகூடத் தம்மை ‘ச்சீ’ என்று நபியவர்கள் சொன்னதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். பணிவிடைச் சிறுவனுக்கே அந்த நிலை. பெற்ற பிள்ளைக்கு நான் செய்தது என்ன?

அன்று மாலை மகனின் அறைக்குச் சென்றேன். “நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிடு. அதை நானே ஒட்டித் தர்றேன்” என்றேன். அவன் நெடுநேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “ஒட்டினா நிக்காது வாப்பா. முதல்ல இருந்து செய்யணும்.”

எங்கள் மூன்று மாத வேலை அப்படித்தான் தொடங்கியது. தினமும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம். அவன் ஆசிரியன், நான் மாணவன். வாப்பா சாய்வு நாற்காலியில் அமர்ந்த மேற்பார்வையாளர்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பினேன். இப்படி உருவங்கள் செய்வது கூடுமா என்று எங்கள் பள்ளி இமாமிடம் கேட்டேன். உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்வது பற்றிய எச்சரிக்கையை அறிவித்துவிட்டு, செய்தே ஆக வேண்டுமானால் மரத்தையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளுமாறு அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதை அவர் எடுத்துக் கூறினார். கப்பல் உயிரற்றது. தளத்தில் மனித உருவம் வைக்கலாமா என்ற கேள்விக்கும் இடமில்லை. இந்த அளவில் ஒரு மனிதன் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்கமாட்டான். “ஆனால் தொழுகை நேரத்தையும் வீட்டுப் பணத்தையும் அது விழுங்கிவிடாமல் பாருங்கள்” என்றார் இமாம். ஆகவே மகனும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். புதிய கப்பல் வாங்குவதில்லை. உடைந்த இரண்டும் முடியும்வரை வேறெதையும் தொடுவதில்லை. பாங்கு சொன்னால் அரம் கீழே.

முதலில் எம்டன். நான் வீசுவதற்கு முன்பே அதன் சாம்பல் நிற வண்ணம் ஆங்காங்கே உரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மகன் ஒப்புக்கொண்டான்: “அவசரப்பட்டுட்டேன் வாப்பா. கழுவாம, பிரைமர் அடிக்காம நேரா பெயின்ட் பண்ணிட்டேன்.” வார்ப்பு அச்சில் தூவிய பொடியும், கை எண்ணெயும் மேலே இருக்கும்போது எந்த வண்ணமும் உலோகத்தைப் பற்றாது. எனவே பழைய வண்ணத்தை நீக்க, கையுறை அணிந்து, கப்பலை ஓர் இரவு டெட்டாலில் ஊறவைத்தோம். மறுநாள் பழைய பல்துலக்கியை டெட்டாலிலேயே நனைத்துத் தேய்த்தோம். முதலிலேயே தண்ணீர் பட்டால் இளகிய வண்ணம் பசைபோல் திரண்டு அப்பிக்கொள்ளும். முழுவதும் உரிந்தபின்தான் சோப்பு நீரில் கழுவ வேண்டும். இரண்டு நாள் வீடு மருத்துவமனைபோல் மணந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சன்னல்களைத் திறந்துவைத்தாள்.

வண்ணம் போனபின் குறைகள் தெரிந்தன. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று கப்பலின் நீளத்துக்கும் ஓடும். அச்சுக்கு வெளியே வழிந்த உலோகம் தகடுபோல் ஓரங்களில் ஒட்டியிருக்கும். அவற்றைக் கத்தியின் முதுகால் சுரண்டி, சிறிய அரத்தால் ஒரே திசையில் தேய்த்து, பிறகு மெல்லிய வாட்டர் பேப்பரால் மழமழப்பாக்க வேண்டும். வளைந்த பீரங்கிக் குழல்களைச் சட்டென்று நிமிர்த்தினால் முறிந்துவிடும். விரல் நுனியால் சிறிது சிறிதாக, இரண்டு மூன்று தடவையில் நிமிர்த்த வேண்டும். ஒரு குழல் என் கையில் முறிந்தது. மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். “பரவாயில்லை வாப்பா, கம்பியில செஞ்சிடலாம்” என்றான். அதே மேசையில், அதே கப்பலை, ஒரே கணத்தில் நான் எத்தனை உடைத்தேன்! அவன் என்னை நோக்கிக் குரலைக்கூட உயர்த்தவில்லை.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. பழைய வார்ப்புகளில் காரீயம் கலந்திருக்கலாம். ஆகவே இந்த மேசையில் உண்பதோ தேநீர் அருந்துவதோ கூடாது. வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சிறு குழந்தைகளை அருகில் விடக்கூடாது. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதை எப்போதும் நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும்.

ரெசின் கப்பல்தான் ரஜூலா. உண்மையில் அது ஒரு பொதுவான பயணிக் கப்பலின் வார்ப்பு. மாமா அனுப்பியபோதே மகன் அதைத் தன் வாப்பிச்சாவின் கப்பலாக மாற்றிக்காட்ட எண்ணியிருந்தான். அவருக்கே தெரியாமல் செய்து கொடுக்க வேண்டும் என்பது அவன் திட்டம். நான் கோபத்தில் உடைத்தது அதைத்தான்.

ரஜூலாவின் பெயரைக் கேட்டாலே முகம் மலரும் முதியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 1926இல் கிளாஸ்கோவின் பார்க்லே கர்ல் தளத்தில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கொடியில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக ஓடிய கப்பல் அது. நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பங்களின் வீடும் கடையும் அந்தக் கப்பலில் ஏறி இறங்கியவர்களின் உழைப்பால் எழுந்தவை! அதன் உடன்பிறப்பான ‘ரோனா’ 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களுடன் மூழ்கியது. ரஜூலா பிழைத்து, முதுமை கண்டு, 1970களில் உடைக்கப்பட்டது. அதன் தடத்தில் பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பற்றியது. கப்பல் வழிப் பயணம் அத்துடன் பழங்கதையாயிற்று.

ரெசினுக்கு வேறு பக்குவம். அச்சிலிருந்து எளிதாகப் பிரிய ஒரு வழுக்குப்பொருள் தடவியிருப்பார்கள். அதைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி ஒரு நாள் முழுக்க உலரவிட வேண்டும். எங்கள் கப்பலின் முன்பாதி சற்றே வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. மகன் அதைக் கொதிக்காத சுடுநீரில் முக்கி, இளகியதும் கண்ணாடித் துண்டின்மேல் தட்டையாக அழுத்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் இறக்கினான். வளைவு நிமிர்ந்து அப்படியே நின்றது. சூடு இல்லாமல் அழுத்தினால் ஒடியும். சூடு மிகுந்தால் உருகுலையும். அந்தப் பாத்திரம் இனிச் சமையலறைக்குப் போகாது என்று என் மனைவி அதில் ஓர் அடையாளமும் இட்டுவிட்டாள். காற்றுக்குமிழ் விட்ட சிறு பள்ளங்களை எம்-சீல் கொண்டு பல்குத்தும் குச்சியால் நிரப்பினோம்.

உடைந்த பாதிகளைச் சேர்க்கும் நாளில் நான் ஃபெவிகுவிக்கை எடுத்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது: “பசையை நம்பாதே. உள்ளே கம்பி வை.” அந்தப் பசை விரைவில் பற்றும், ஆனால் ஓர் அடி பட்டால் பளிங்குபோல் விட்டுவிடும். எனவே இரு பாதிகளிலும் கையால் சுழற்றும் சிறு துளைப்பானால் நேருக்கு நேர் துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, அரால்டைட் தடவிச் சேர்த்து, ஒரு நாள் அசையாமல் வைத்தோம். எம்டனின் கொடிமரத்தையும் வார்ப்புத் துண்டாலன்றிப் பித்தளைக் கம்பியாலேயே புதிதாகச் செய்து, தளத்தில் துளையிட்டு ஊன்றினோம். “இனி கீழ விழுந்தாலும் உடையாது” என்றான் மகன். சொன்னபின் தலையைத் தாழ்த்திக்கொண்டான். நானும் எதுவும் பேசவில்லை.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். மகன் பெட்டியிலிருந்து நான்காவதாக ஒன்றை எடுத்துக் காட்டினான். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றுவதற்காகப் போலிப் புகைபோக்கி ஒன்றை எழுப்பியிருந்தது. நம்பி இருந்த துறைமுகத்தில் ஒரு ரஷ்யக் கப்பலை அது மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. “இதையும் ஒட்டலாமா வாப்பா?” என்று கேட்டான். வாப்பா ஏறிய துறைமுகம் சென்னை, இறங்கிய துறைமுகம் பினாங்கு. இரண்டையும் இதே கப்பல் தாக்கியிருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, என் மனம் வேறெங்கோ சென்றது. பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்கும் மென்மையான மனிதன், வீட்டு வாசலைத் தாண்டியதும் யார்? என் நான்காவது புகைபோக்கியை நானே இத்தனை ஆண்டுகள் உண்மையென்று நம்பியிருக்கிறேன். “வேண்டாம், மூன்று போதும்” என்றேன். காரணத்தை அப்போது சொல்லவில்லை. இதைப் படித்தால் அவன் அறிந்துகொள்வான்.

பிரைமர் அடிக்கும் கட்டம் வந்தபோது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. ஈரக்காற்றில் பிரைமர் தெளித்தால் வெண்புகைபோல் படிந்து சொரசொரப்பாகிவிடும். ஒரு நாள் மழை நின்றதும் நான் அவசரப்பட்டேன். “காத்திருக்கணும் வாப்பா” என்றான் மகன். ஆறு வாரங்கள் இரு கப்பல்களும் வெற்றுடம்புடன் மூடிய டப்பாவில் இருந்தன. அந்த நாட்களில் அதே நேரத்தில் கணக்குப் பாடம் பார்த்தோம். நான் சொல்லிக்கொடுப்பதில் எவ்வளவு பொறுமையற்றவன் என்று அப்போது எனக்கே தெரிந்தது. குரல் உயரும்போதெல்லாம் நின்றிருந்தால் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் நிற்பவர் அமரட்டும் என்ற நபிவழியை அந்த நாற்காலியில்தான் நடைமுறையில் கற்றேன். பல நாள் கற்றேன். சில நாள் தவறினேன்.

தை பிறந்ததும் வறண்ட காலை ஒன்று கிடைத்தது. கடற்காற்று எழுவதற்குமுன், பதினொரு மணியளவில் மொட்டைமாடிக்குச் சென்றோம். கப்பல்களைக் குளிர்பான மூடிகளின்மேல் இருபுறம் ஒட்டும் நாடாவால் நிறுத்தி, ஒரு சாண் தொலைவிலிருந்து சாம்பல் நிறப் பிரைமரை மெல்லிய பூச்சாக அடித்தோம். ஒரே பூச்சில் மூடிவிட நினைத்தால் நுணுக்கங்கள் நிரம்பிப்போகும். இரண்டு மெல்லிய பூச்சுதான் சரி. உலர்ந்தபின் அவற்றை வாப்பாவிடம் கொடுத்தோம். அவருக்குக் கண்புரை, நிறம் சரியாகத் தெரியாது. ரஜூலாவை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினார். கப்பலின் இடப்பக்கத்தில் ஓரிடத்தில் விரல் நின்றது. “இங்கே ஒரு கோடு இருக்கு” என்றார். உண்மைதான். எங்கள் இருவரின் கண்ணுக்கும் தப்பிய அச்சுக்கோடு அது. மீண்டும் தேய்த்து, மீண்டும் பிரைமர்.

அடுத்தது கடல். மூன்று மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகையைக் கப்பலைவிட இருபுறமும் இரண்டு சென்டிமீட்டர் மிகுதியாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தோம். ஈரப்பூச்சுப் பட்டால் பலகை வளைந்துவிடும் என்பதால் மேலும் கீழும் ஒரு பூச்சுக் கொடுத்து அடைத்தோம். கப்பலின் விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொண்டு, நீர்விட்ட ஃபெவிகாலில் மெல்லிய டிஷ்யூ தாளைச் சுருக்கம் விழும்படி ஒட்டினோம். உலர்ந்ததும் அது சிற்றலைகளாயிற்று. மகன் முதலில் செய்த அலைகள் விரல் கனத்துக்கு இருந்தன. வாப்பா சிரித்தார். “இவ்வளவு பெரிய அலையில நான் பினாங்கு போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.” கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று மீட்டர் உயர அலைகூட இந்த அளவில் இரண்டரை மில்லிமீட்டர்தான். கணக்கில் தோற்ற என் மகன்தான் அந்த வகுத்தலை நொடியில் செய்தான்.

“கப்பல் தண்ணிமேல உட்காராது, தண்ணிக்குள்ள உட்காரும்” என்பது வாப்பாவின் அடுத்த பாடம். பலகையின்மேல் வெறுமனே ஒட்டினால் அடியில் ஒரு கறுப்பு இடுக்குத் தெரியும். கப்பல் அலமாரியில் வைத்த பொருளாகிவிடும். கூழ்ம அக்ரிலிக் பூச்சை இடுக்கு முழுவதும் நிரப்பி, பக்கவாட்டில் மெல்ல இழுத்துவிட்டோம். முன்மூக்கில் இருபுறமும் விரியும் நுரை. பின்னால் சுழலி கலக்கிவிட்ட அமைதியான வெண்தடம். வேகத்துக்கு ஏற்பத்தான் நுரை. எம்டன் விரைவுக் கப்பல், ரஜூலா நிதானக்காரி.

மகன் இரண்டையும் ஒரே கடலில் வைக்க விரும்பினான். வாப்பா தடுத்தார். எம்டன் 1914 நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலின் தாக்குதலில் அழிந்தது. ரஜூலா பிறந்தது 1926இல். “ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்ததில்ல. பொய்யா ஒரு கடலை ஏன் செய்யணும்?” என்றார். ஆகவே இரண்டு பலகைகள், இரண்டு கடல்கள். நிறத்தை வாப்பா நினைவிலிருந்து சொன்னார். துறைமுக வாயில்வரை மண் கலந்த பச்சை. பிறகு தெளிந்த பச்சை. ஓர் இரவு உறங்கி எழுந்தால் கண்ணுக்கெட்டியவரை கருநீலம். “அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துச்சு. உம்மா முகம் நினைவுக்கு வந்துச்சு. அன்னைக்குத் தொழுத பஜ்ரு மாதிரி வேற எப்பவும் தொழுததில்ல.” கப்பலில் ஏறும்போது மனிதர்கள் கலப்பற்ற உள்ளத்தோடு இறைவனை அழைப்பதையும், கரை சேர்ந்ததும் மறந்துவிடுவதையும் அன்கபூத் அத்தியாயத்தில் அல்லாஹ் சுட்டிக்காட்டுகிறான். அந்த வசனத்தை நான் பலமுறை ஓதியிருக்கிறேன். கடலைக் கடந்த ஒருவர் என் வீட்டிலேயே இருந்தும், அந்த அனுபவத்தை ஒருநாளும் கேட்டதில்லை. என் மகனின் விளையாட்டுப் பொருள் என்று நான் வீசியதுதான் அவரைப் பேசவைத்தது.

அந்த நாட்களில் ஹூத் அத்தியாயத்தை விளக்கவுரையுடன் படித்தேன். நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் கண்காணிப்பில் கப்பல் கட்டுகிறார்கள்; கடந்து செல்வோர் கேலி செய்கிறார்கள். இவை நாம் அறிந்தவை. என்னை நிறுத்தியது அதற்கடுத்த காட்சி. மலைபோன்ற அலைகளுக்கு நடுவே, விலகி நிற்கும் மகனை அவர்கள் அழைக்கிறார்கள். அந்த மகன் நிராகரிப்பவர்களோடு நின்றவன். அவனையும் ‘என் அருமை மகனே’ என்ற பாசச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். என் மகன் நின்றது எந்த மலையில்? ஒரு பஜ்ரு தவறியது. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தது. அதற்கு நான் பயன்படுத்திய சொற்களை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வண்ணம் பூசும் வேலை நான்கே நாளில் முடிந்தது. மூன்று மாத ஆயத்தம், நான்கு நாள் வண்ணம். எம்டனுக்குப் போர்க்காலச் சாம்பல். அமைதிக் காலத்தில் அது வெள்ளை நிறத்தில் இருந்து ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் பெற்றது என்பதை மகன் சொல்லித்தான் அறிந்தேன். ரஜூலாவின் கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையங்களைத் தீட்டியபோது வாப்பா நாற்காலியை நெருக்கி இழுத்துக்கொண்டார். அவருக்கு வெள்ளை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. “ஆமா, ரெண்டு வளையம்” என்றார். நெடுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மகன் இப்போது பெரும்பாலான நாட்களில் பஜ்ருக்கு என்னோடு வருகிறான். சில நாள் எழுவதில்லை. கணக்கில் தேறியிருக்கிறான், முதலிடமெல்லாம் இல்லை. அலுவலகத்திலிருந்து திரும்பும் என் காலடி படிக்கட்டில் வேகமாகக் கேட்டால், அரம் பிடித்த அவன் கை இன்னும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அதை நான் கதவருகே நின்று பார்த்திருக்கிறேன். பித்தளைக் கம்பி வைத்து ஊன்றிய கொடிமரம் ஒரு நாளில் உறுதியாகிவிட்டது. இதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆகவே நான் இப்போது படிகளில் மெதுவாக ஏறுகிறேன். வாசலில் ஸலாம் சொல்லிவிட்டு, அவன் பதில் ஸலாம் சொல்லும்வரை நின்று, பிறகு உள்ளே செல்கிறேன்.

தகப்பன்மார்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா மூடிக் கிடக்கலாம். கப்பலாக இல்லாவிட்டாலும், நீங்கள் கிழித்த ஓவியமாக, பிடுங்கிய பந்தாக, நாலுபேர் முன் சொன்ன ஒரு சொல்லாக இருக்கலாம். பிள்ளை மறந்திருப்பான் என்று இருந்துவிடாதீர்கள். சென்று கேளுங்கள். ஒட்டித் தருகிறேன் என்று அவசரப்படாமல், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. எங்களையும் அவர்கள் அஞ்சாமல் நெருங்கும் பெற்றோராக ஆக்குவாயாக. எங்கள் கோபத்தால் நாங்கள் உடைத்தவற்றை, அவர்கள் உள்ளங்களில், உன் கருணையால் சீராக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.